அஞ்செல் அம்மாளின் பனிமலைச் செடி

அஞ்செல் அம்மாள் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் கல்லறை மேல் அந்தச் செடி இருக்க வேண்டும். தொட்டியோடு வைக்கக் கூடாது. மண்ணில் நட வேண்டும்.

"மமான், நம்ம ஊரு வெயில்ல அது ஒரு நாள் தாங்காது," என்றாள் மகள் கரீன். அம்மாவை அவள் பிரெஞ்சில்தான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் போதும். கல்லறைத் திருநாள் அன்னிக்கு இருந்தா போதும்."

"இருக்கறதே ஒரு செடிதான்."

"அதான் கிளை வெட்டிப் பதியம் போடுன்றேன். பெரிய பெரிய ரூமையெல்லாம் ஐஸாக்கற. ஒரு குச்சிக்கு வேர் வரவைக்க முடியலயா உன்னால?"

கரீன் சிரித்தாள். அஞ்செல் அம்மாள் சிரிக்கவில்லை. சுளையை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "என் கைக்கு எதுவும் வேர் வுடாதுடி. உன் கையால செய்யி."

தை மாதக் கடைசியில் அவர் போனார். இதயம் ஏற்கெனவே பெருத்துப்போயிருந்தது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து பெட்டி புறப்பட்டபோது தெருவில் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் நின்றார்கள். சாதாரணமாக வாழ்ந்த ஒரு பெண்மணிக்கு அது பெரிய கூட்டம்தான்.

புதிய கல்லறை மண் மேடாகத்தான் இருக்கும். மண் அமுங்குவதற்கு ஒரு வருடம் விட்டு, முதலாண்டு நினைவுப் பூசைக்கு முன்னால் சிமெண்டும் கல்லும் வைத்துக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் அதற்குப் பிறகு எதையும் நட முடியாது. ஆக, இந்த ஒரு கல்லறைத் திருநாள்தான். நவம்பருக்குள் ஒரு குச்சியாவது வேர் விட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் மிச்சம் எதுவும் இல்லாமல், இருக்கும் ஒரே செடியைக் கொண்டுபோய் வெயிலில் நட வேண்டும், அல்லது அம்மாவின் சொல்லைத் தட்ட வேண்டும்.

அந்தச் செடி முத்தியால்பேட்டைக்கு வந்த கதையைச் சொல்லாமல் அஞ்செல் அம்மாளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவர் கணவர் ஷார்ல் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பிறந்தவர். ராணுவத்தில் லாரி ஓட்டினார். கல்யாணமான கையோடு மனைவியை ஆல்ப்ஸ் மலையில் இருந்த ஒரு சின்ன ஊருக்கு அழைத்துப்போனார். அங்கே அஞ்செல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தார். உருளைக்கிழங்கு உரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கினார். தேங்காய் எண்ணெய் வருடத்தில் பாதி நாள் கல்லாக உறைந்திருக்கும். அறைச் சூடேற்றியின் மேல் பாட்டிலை வைத்து உருக்கித்தான் தலை வாருவார். அந்த எண்ணெய் வாசனை வெதுவெதுப்பாக வீடு முழுக்க இருந்தது கரீனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவின் குரல் நினைவில்லை.

பனிக்காலத்தில் ஒரு நாள் லாரி வளைவில் சறுக்கியது. ஷார்லை அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். புதுச்சேரியிலிருந்து மாமனார் போன் போட்டு, உடம்பைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். அஞ்செல் ஒத்துக்கொள்ளவில்லை. கூட வேலை செய்த பெண்ணொருத்தி ஒரு செடி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மலைகளில் தானாக விளைவது. ஒரு சாண் உயரம்கூட வராத புதர். ஊசி ஊசியாக இலை. தரையோடு படர்ந்து கிடக்கும். பனிக்கு அடியிலேயே மொட்டு வைத்து, பனி விலகும்போது ரோஸ் நிறத்தில் அரிசி அளவு மணிகளாகப் பூக்கும். பிரெஞ்சில் ப்ருயேர் என்பார்கள். தமிழில் அதற்குப் பெயர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதை ஷார்லின் கல்லறையில் நட்டுவிட்டு, சில வருடம் கழித்து மகளோடு ஊர் திரும்பினார் அஞ்செல்.

அவர் செய்த தவறு ஒன்று உண்டு. அதைப் புதுச்சேரிக்காரர்கள்தான் செய்வார்கள். இங்கே குடும்பக் கல்லறை என்றால் குடும்பம் இருக்கும் வரை இருக்கும். ஒரே கல்லில் பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருக்கும். அங்கே அப்படியில்லை. கல்லறை இடத்துக்கு இத்தனை வருடம் என்று தவணை உண்டு. தவணை முடிந்தால் யாராவது வந்து நீட்டிக்க வேண்டும். வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இதை அவரிடம் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அவர் காதில் எது விழுந்திருக்கும்?

கரீன் வேலைக்குப் போய் நிலைத்த பிறகு அம்மாவை அங்கே அழைத்துப்போனாள். ஷார்ல் இருந்த இடத்தில் வேறு குடும்பத்தின் பளிங்குக் கல் இருந்தது. நகராட்சி ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். எலும்புகளை எடுத்துப் பொது அறையில் மற்றவர்களோடு வைத்துவிட்டோம் என்றார். அஞ்செல் அழவில்லை. குனிந்தபடி பாதை ஓரமாக நடந்தார். சரளைக்கல்லை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். கரீனுக்கு முதலில் பயமாக இருந்தது, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று.

"இது என்னுது," என்றார் அஞ்செல் ஒரு இடத்தில் நின்று.

தாய்ச்செடியைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே ஒரு கிளை எல்லைக்கல்லுக்கு அடியில் நழுவி வெளியே வந்திருந்தது. பனியின் கனம் கிளையை மண்ணோடு அழுத்த, அழுந்திய இடத்தில் தானே வேர் விட்டிருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, வேரில் மண் துளிகூட இல்லாமல் கழுவி, உரிய சான்றிதழோடு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஷார்ல் இருந்ததற்கு மண்ணில் மிச்சம் அது ஒன்றுதான்.

கரீன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் குளிர் அறைகள் அமைக்கும் பிரிவில் பொறியாளர். செடிக்கு வீடு கட்டுவது அவளுக்குக் கஷ்டமில்லை. கூல்டிரிங்ஸ் கடையில் வைப்பார்களே, கண்ணாடிக் கதவுப் பெட்டி, அதில் பழையது ஒன்றை வாங்கினாள். கம்ப்ரசரைப் பிரித்து மாற்றினாள். இரவில் பனிமலைக் குளிர், பகலில் மலையடிவாரக் குளிர் வருகிற மாதிரி அமைத்தாள். உள்ளே விளக்கு, சின்ன மின்விசிறி, கரண்ட் போனால் தாங்குவதற்குப் பேட்டரி. பெட்டி நடுக்கூடத்தில், மாதா பீடத்துக்குப் பக்கத்தில் நின்றது. வேறு இடத்தில் பிளக் இல்லை.

மற்றதெல்லாம் அஞ்செல் அம்மாளுடைய வேலை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் ஏசி மிஷினிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து அதை மட்டும் ஊற்றினார். தேங்காய் நார்த்தூளை உப்புப் போகும் வரை அலசி அலசி, பெருமணலோடு கலந்தார். செடியிடம் பிரெஞ்சில்தான் பேசுவார். அதற்குத் தமிழ் தெரியாதாம். ஆனால் திட்டுவதென்றால் தமிழில்தான். வீட்டு வேலைக்கு வரும் துர்கா அதற்கு 'ஐயா செடி' என்று பெயர் வைத்திருந்தாள்.

செடி உயிரோடு இருந்தது. ஆனால் பூக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் பச்சை மொட்டுகள் வந்து, கடுகு அளவு ஆகி, உதிர்ந்துவிடும். வெட்டிப் பதியம் வைத்த கிளைகளும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு நாள் பச்சையாக நிற்கும். பிறகு கீழிருந்து மேலாக இலை கொட்டும். துடைப்பக் குச்சி மாதிரி ஆகும். அஞ்செல் அதைப் பிடுங்கி விரலால் உருட்டிப் பார்ப்பார். "என் கை," என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

அவர் போன பிறகு அந்த வேலையைக் கரீன் எடுத்துக்கொண்டாள். பதவிசாகச் செய்தாள். பூக்காத இளங்கிளைகளின் நுனியைப் பிளேடால் அறுத்தாள். கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு மணலில் செருகினாள். ஈரம் போகாமல் மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தாள். இலை கொட்டியது. பூசணமா என்று பார்த்தாள், இல்லை. குளிரை அளந்தாள், சரியாக இருந்தது. தண்ணீரின் உப்பை அளந்தாள், உப்பே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டினாள். குறைத்தாள். இலை கொட்டியது. தாய்ச்செடிக்கும் வயதாகிவிட்டது. நடுவில் வழுக்கை விழுந்து, ஓரத்தில் மட்டும் பச்சை மிச்சமிருந்தது. அறுப்பதற்கு நல்ல நுனிகள் குறைந்துகொண்டே வந்தன. வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். உள்ளே எப்போதாவது மல்லிகை வாசம் லேசாக வரும். பக்கத்தில் மாதா பீடம் இருக்கிறதே, அங்கிருந்து வருகிறதென்று நினைத்துக்கொள்வாள்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை முழு அடைப்பு. பஸ் ஓடவில்லை, கம்பெனியும் இல்லை. கரீன் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். சின்னக் கடைகள் திறந்திருந்த நேரமாகப் பார்த்துத் துர்கா மார்க்கெட் போய் வந்தாள். கையில் மல்லிகைப் பந்து, ஒரு சீப்பு மஞ்சள் வாழைப்பழம், இரண்டு கொய்யா. நேராக நடந்துவந்து, செடிப் பெட்டியின் கதவைத் திறந்து, தொட்டிக்குப் பக்கத்தில் பழத்தை வைத்து, அதன் மேல் பூவை வைத்து, மூடினாள்.

கரீன் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"துர்காக்கா. அது உள்ள ஏன் வச்ச?"

"பின்ன எங்க வைக்கறதாம்? சாயங்காலம் மாதாவுக்கு வைக்கணும். அதுவரைக்கும் இந்த வெக்கையில வெளிய வச்சா கறுத்துடும்."

"பிரிட்ஜ் இருக்கே."

"நல்லா இருக்கு. பிரிட்ஜ்ல வஞ்சரம் கெடக்குது, கோழி கெடக்குது. அது பக்கத்துல மாதா பூவை வைக்கவா? அம்மா இருந்தா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. சுத்தமான பொட்டி இந்த வூட்ல இது ஒண்ணுதான்."

"அம்மாவும் இப்படித்தான் வைப்பாங்களா?"

"பொட்டி வந்த நாள்லேருந்து! வாரத்துல பாதி நாளு. நீ வரதுக்குள்ள ஆறு மணி செபம் முடிஞ்சுடும். எல்லாம் பீடத்துக்குப் போயிடும். நீ எங்க பாக்கப் போற? உனக்குத்தான் வூடுன்னா தூங்கற எடம்."

கரீன் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். பழத்தை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவளுடைய கம்பெனி அமைப்பதில் பாதி, வாழைக்காயைப் பழுக்கவைக்கும் அறைகள். காயை அடுக்கி, கதவை இறுக மூடி, உள்ளே எத்திலீன் வாயுவை விடுவார்கள். காய் ஒரே சீராகப் பழுக்கும். பழுத்த பழம் தானும் அதே வாயுவை மூச்சாக விடும். மூடிய இடத்தில் அது தேங்கினால் பூ வாடும், மொட்டு உதிரும், இலை கொட்டும். பழத்தையும் பூச்செடியையும் ஒரே குளிர் அறையில் வைக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். பெட்டியில் குளிரை அளந்தாள், உப்பை அளந்தாள், வெளிச்சத்தை அளந்தாள். வாரத்தில் பாதி நாள் அது பழ அறையாக இருந்திருக்கிறது.

"என்னா பாப்பா, பேயடிச்ச மாதிரி நிக்கற?"

கரீன் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். துர்கா கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மாறியது.

"மாதாவுக்கு வாங்கின பழம் செடியைக் கொல்லுமா? நல்லா சொன்ன போ, படிச்ச புள்ள."

"மாதாவுக்கு வாங்கினதுன்னு பழத்துக்குத் தெரியாதுக்கா."

துர்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்போ நான்தான் ஐயா செடியை இந்தக் கதிக்கு ஆக்கினனா? அம்மா போனப்புறமும் விடாம வச்சனே. அவங்க செஞ்சது நின்னுபோவக் கூடாதுன்னுதானே வச்சேன்."

"நீ ஒண்ணும் பண்ணல. மமானும் ஒண்ணும் பண்ணல." என்றாள் கரீன். "அவங்க கையில ஒண்ணும் இல்லக்கா. அவங்க கை நல்ல கைதான். ஒரு குறையும் இல்ல அதுல. கை சரியில்லன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாங்க."

அம்மாவை அடக்கம் செய்த அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்து, ஆளுக்கொன்று பேசினார்கள். இப்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று அழுதாள். துர்கா வந்து பழத்தை அவள் கையிலிருந்து மெதுவாகப் பிரித்து வாங்கினாள். கொண்டுபோய் வெளி வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மதியமே துர்கா சமையலறைப் பிரிட்ஜைக் காலி செய்தாள். மஞ்சள் தண்ணீரால் மூன்று தடவை துடைத்தாள். இனிமேல் மீன் வாங்கினால் அன்றைக்கே குழம்பாகிவிட வேண்டும், மிச்சம் வைக்கும் பேச்சே கிடையாது என்று சட்டம் போட்டாள். மாதாவின் பூவும் பழமும் அங்கே போயின. கரீன் செடிப் பெட்டியின் கதவை நள்ளிரவில் சற்று நேரம் திறந்து வைத்துக் காற்றாடவிட்டாள்.

தாய்ச்செடியின் ஓரங்களில் புதுத்துளிர் வர ஆடி ஆனது. நல்ல நுனிகளாகப் பார்த்து அறுத்துச் செருகினாள். இலை கொட்டும் நாட்கள் வந்தன. கொட்டவில்லை. அப்போதும் அவள் நம்பவில்லை. வேர் இல்லாமலே பச்சையாக நிற்கும் குச்சிகளை அவளுக்குத் தெரியும். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்ளரை எடுத்துவிட்டு, ஒரு குச்சியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்தாள்.

குச்சி வரவில்லை. மண் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்ததை இழுத்தாள். அது வந்துவிட்டது. அதற்கடுத்தது வரவில்லை. எல்லாமாகப் பார்த்தால் நான்கைந்து தேறின. கட்டைவிரல் உயரம்தான். ஆனால் செடிகள்.

ஐப்பசி மழையோடு கல்லறைத் திருநாள் வந்தது. எதை நடுவது என்பதில் அவளுக்குக் குழப்பம் இருந்தது. சின்னதை நட்டால் மழைத்துளியே அதைச் சாய்த்துவிடும். தவிர அம்மா கேட்டது அந்தச் செடியை. அதன் குட்டியை அல்ல. சின்னவற்றை வீட்டுப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, பெரியதையே கொண்டுபோவதென்று முடிவு செய்தாள். ஆனால் பொறியாளர் புத்தி விடவில்லை. ஒரு யோசனை வைத்திருந்தாள். தொட்டியோடு மண்ணில் புதைப்பது. பார்வைக்கு நட்ட மாதிரி இருக்கும். மாலையில் மெழுகுவத்திகள் அணைந்ததும் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அம்மாவின் சொல்லும் நிற்கும், செடியும் பிழைக்கும். ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள்.

கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. சாமந்தி, மெழுகு, ஊதுவத்தி, ஈரமண் எல்லாம் கலந்த வாசம். சுண்ணாம்பு வாளியோடு அங்கே கூலி வேலை செய்யும் ராமலிங்கம் வந்து நின்றார். மேட்டைச் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான்.

"என்னாம்மா இது, காஞ்ச தலைமுடி மாதிரி? செவ்வந்தி வாங்கியாறக் கூடாதா?"

"இது அம்மா கேட்டதுண்ணே."

"அம்மா கேட்டதுன்னா சரி." மண்வெட்டியால் ஒரு குழி பறித்தார். தொட்டியைப் பார்த்தார். "தொட்டியோடவா பொதைக்கப் போற?"

"சாயங்காலம் திரும்ப எடுத்துட்டுப் போவணும்."

"ஓ. வாடகைக்கு வைக்கறியா?" என்று சிரித்துவிட்டு, அடுத்த குடும்பம் கூப்பிட, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆல்ப்ஸ் மலை ஊரில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? கரீன் மண்ணில் மண்டியிட்டபடி இருந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தவணை முடிந்ததென்று பிடுங்கி எறிந்த ஒரு கல்லறையின் செடி இது. இதை அம்மாவின் மேல் ஒரு பகலுக்கு வைத்துவிட்டு, சாயங்காலம் பிடுங்கிக்கொண்டு போவதா?

தொட்டியைக் கவிழ்த்தாள். அடியில் உள்ளங்கையால் தட்டினாள். மண்ணும் வேரும் ஒரே கட்டியாகக் கையில் இறங்கின. வேர் மெல்லிய தலைமுடி போல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. குழியில் வைத்தாள். சுற்றிலும் மண்ணைத் தள்ளி, கட்டைவிரல்களால் அழுத்தினாள். நீண்ட கிளை ஒன்று மேட்டின் மேல் சரிந்தது. அதன் மேல் ஒரு சின்னக் கல்லை வைத்தாள். அந்த ஊரில் பனி செய்கிற வேலையை இங்கே யாராவது செய்யத்தானே வேண்டும். வேர் வர நாள் இருக்காது என்று தெரிந்துதான் வைத்தாள். பிறகு மெழுகுவத்தி ஏற்றினாள். சுடர் இலையில் படாமல் தள்ளி வைத்தாள். குருவானவர் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு அந்த வரிசைக்கு வந்தபோது எழுந்து நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் துர்கா ஸ்கூட்டரைப் பார்த்தாள்.

"ஐஸ் பொட்டி காலியா வருது?"

"நட்டுட்டேன்."

"மண்ணுலயா?"

"மண்ணுலதான்."

துர்கா ஐஸ் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். "எத்தினி நாளைக்கு நிக்கும்?"

"மழை இருக்கற வரைக்கும் நிக்கும்."

"சரி வா, தலையைத் தொடை. சளி புடிச்சா யாரு பாக்கறது உன்னை?" துண்டை எடுத்து நீட்டினாள்.

மழை அந்த வாரம் முழுக்க விட்டுவிட்டுப் பெய்தது. கரீன் தினமும் காலையில் சேதராப்பட்டுப் போகும் முன் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டுப் போனாள். செடி நின்றது. ஓரத்து நுனிகளில் பச்சை மொட்டுகள்கூட இருந்தன. பிறகு மேகம் கலைந்தது. வெயில் அடித்த முதல் நாள் மதியத்துக்குள் அது காய்ந்து போய்விட்டது. அவள் அப்போது வேலையில் இருந்தாள். கல் கட்டுகிறவர் வரும் வரை அதைப் பிடுங்க வேண்டாம் என்று ராமலிங்கத்திடம் சொல்லி வைத்தாள்.